கல்லில் இருந்து கரன்ட் வரை: புவி அறிவியல், பசுமை எரிசக்தி ஆராய்ச்சிக்கு யார் பணம் தருகிறார்கள்? அதை வாங்குவது எப்படி?

ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி விஷயத்தில் இந்தியாவின் தலையெழுத்தே மாறிவிட்டது என்கிற அளவுக்குப் பேச்சு கிளம்பியது. அதன் பிறகு என்ன ஆச்சு? அந்தப் பகுதியை மத்திய அரசு ஏலத்துக்கு விட்டது. போதுமான நிறுவனங்கள் போட்டிக்கு வரவில்லை. ஏலம் ரத்தானது.

அங்கே கையில் இருந்தது ஆரம்பகட்டக் கணிப்பு மட்டும்தான். பூமிக்கு அடியில் எவ்வளவு ஆழத்தில், எந்த அடர்த்தியில் லித்தியம் இருக்கிறது என்பதற்கு இன்னும் விரிவான ஆய்வு வேண்டும். களிமண் சார்ந்த அந்தப் பாறையில் இருந்து லித்தியத்தைக் கட்டுப்படியாகும் விலையில் பிரித்தெடுக்கும் வழியும் வேண்டும். முதல் வேலை புவியியலாளருடையது. இரண்டாவது வேலை வேதியியலாளர், உலோகவியல் பொறியாளருடையது. ஆக, கல்லுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருப்பது பல வருட ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியைச் செய்பவர் மாத வாடகை கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும், களத்துக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எம்.எஸ்சி முடித்தவர், பிஎச்.டி யோசனையில் இருப்பவர், ஐ.டி அல்லது எரிசக்தி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பக்கம் வரலாமா என்று தயங்குபவர்... இவர்களில் யாருக்கு எந்தக் கதவு திறக்கும்?

திடீரென்று ஏன் இவ்வளவு திட்டங்கள்?

முதலில் கசப்பான கணக்கு. இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்காகச் செலவிட்டது 2020-21 நிலவரப்படி 0.64% மட்டுமே. இதில் அரசின் பங்குதான் பெரிது. தனியார் பங்கு குறைவு.

இந்தப் பின்னணியில்தான் கடந்த சில வருடங்களாகப் புவி அறிவியலையும் எரிசக்தியையும் தொட்டுப்போகும் பெரிய திட்டங்கள் வரிசையாக வந்திருக்கின்றன.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. மொத்த ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. அதில் ஆராய்ச்சிக்கு என்று தனியாக ரூ.400 கோடி.

தேசிய முக்கியக் கனிமங்கள் திட்டம், 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அரசின் செலவு ரூ.16,300 கோடி. லித்தியம், கோபால்ட், கிராஃபைட், அரிய மண் தனிமங்கள் உட்பட 30 கனிமங்களை ‘முக்கியக் கனிமங்கள்’ என்று 2023-லேயே அரசு பட்டியலிட்டிருந்தது. 2030-31-க்குள் 1,200 கனிம ஆய்வுத் திட்டங்களை முடிக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தரப்பட்டிருக்கிறது.

புவி அறிவியல் அமைச்சகத்தின் ‘பிருத்வி’ திட்டம், 2021-26 காலத்துக்கு ரூ.4,797 கோடி. வானிலை, கடல், துருவப் பகுதி, நிலநடுக்கம் எல்லாம் இதற்குள் வரும். ஆராய்ச்சி, பயிற்சிக்கு உதவும் ‘ரீச்அவுட்’ இதன் ஒரு பிரிவு. இதே அமைச்சகத்தின் ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் ரூ.4,077 கோடி அறிவிக்கப்பட்டது. அதில் முக்கியப் பங்கு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு.

நிலத்தடி வெப்பத்தில் இருந்து மின்சாரம் எடுப்பதற்கான தேசியக் கொள்கையை 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் சோதனைத் திட்டத்துக்காக ஓ.என்.ஜி.சி 2021-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

கோடிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். இதில் பெரும்பகுதி தொழிற்சாலைக்கும் உற்பத்தி ஊக்கத்தொகைக்கும் போகும். ஹைட்ரஜன் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 19,744-ல் 400 என்றால் ஏறக்குறைய 2%. அந்த 400 கோடிக்கும் நீங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். எனவே எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, நாம் இருக்கும் இடத்தில் இருந்து எந்தப் பணத்தைத் தொட முடியும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று பைகள், மூன்றும் வேறு வேறு

ஆராய்ச்சிப் பணத்தை மூன்று பைகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

முதல் பை, ஃபெல்லோஷிப். இது உங்கள் பெயரில் வரும். மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். உங்கள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆனது.

இரண்டாவது பை, புராஜெக்ட் கிராண்ட். இது பேராசிரியர் அல்லது விஞ்ஞானி பெயரில், அவருடைய நிறுவனத்தின் கணக்குக்கு வரும். கருவி, ரசாயனம், களப்பயணம், ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான்.

மூன்றாவது பை, ஸ்டார்ட்அப் நிதியும் கடனும். கண்டுபிடிப்பு ஆய்வகத்தைத் தாண்டி, பொருளாக மாறும் கட்டத்தில் கிடைப்பது.

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம், இரண்டாவது பையின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதல் பை என்று நினைத்து விண்ணப்பிக்க முயல்வதுதான். ‘நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி விதிமுறையின் நடுவில் இருக்கும். முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

எம்.எஸ்சி முடித்திருக்கிறேன். எனக்கு என்ன இருக்கிறது?

பெரிய வாசல் சி.எஸ்.ஐ.ஆர்-யு.ஜி.சி நெட் தேர்வு. அதில் இருக்கும் ஐந்து பாடங்களில் ஒன்று புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல். புவியியல், புவி இயற்பியல், கடலியல், வானிலை படித்தவர்கள் எல்லாம் இந்த ஒரு தாளில்தான் போட்டியிடுவார்கள். சூரிய மின்கலம், பேட்டரி, ஹைட்ரஜன் பக்கம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வேதியியல் அல்லது இயற்பியல் தாள் வழியாக வருவார்கள்.

இதில் ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் மாதம் ரூ.37,000. இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப் ஆனால் ரூ.42,000. வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை அமலில் இருக்கிறது. அதற்கு முன் ரூ.31,000, ரூ.35,000 என்று இருந்தது. இரண்டும் சேர்த்து மொத்தம் ஐந்து வருடம்.

நெட் தேர்வில் இப்போது மூன்று தட்டுகள் இருக்கின்றன. மேல்தட்டுக்கு ஜே.ஆர்.எஃப். அடுத்ததற்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி சேர்க்கைத் தகுதியும். கடைசித் தட்டுக்கு பிஎச்.டி சேர்க்கைத் தகுதி மட்டும். ‘நெட் பாஸ்’ என்று மூவருமே சொல்லலாம். மாதச் சம்பளம் போலப் பணம் வருவது முதல் தட்டுக்கு மட்டுமே.

நெட் தவிர வேறு என்ன?

இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப்: அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது. முதுநிலையில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. நெட் கட்டாயம் இல்லை. உங்கள் கையில் ரேங்க் சான்றிதழ் இருந்து, அதை ஃபைலில் போட்டு மூடி வைத்திருந்தால், எடுத்து வெளியே வையுங்கள்.

பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்: 2018-ல் தொடங்கியபோது முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.70,000, மூன்றாம் வருடம் ரூ.75,000, கடைசி இரண்டு வருடம் ரூ.80,000 என்று நிர்ணயித்தார்கள். ஆய்வுச் செலவுக்கு வருடம் ரூ.2 லட்சம் தனி. 2025 பட்ஜெட்டில், அடுத்த ஐந்து வருடத்தில் ஐ.ஐ.டி-க்களிலும் ஐ.ஐ.எஸ்சி-யிலும் 10,000 பேருக்கு இது தரப்படும் என்று அறிவித்தார்கள். போட்டி கடுமை. ஆனால் தொகையில் இதற்குப் பக்கத்தில் வர உள்நாட்டில் வேறு பொதுத் திட்டம் இல்லை என்றே சொல்லலாம்.

கேட் தேர்வு: இதில் புவியியல்-புவி இயற்பியலுக்குத் தனித் தாள் உண்டு. எம்.டெக் சேர்ந்தால் மாதம் ரூ.12,400 கிடைக்கும். தொகை சிறியது. ஆனால் நேரடி பிஎச்.டி சேர்க்கைக்கும், சில பொதுத்துறை நிறுவன வேலைக்கும் இதே மதிப்பெண் பயன்படும்.

பெண்களுக்கு, குறிப்பாகக் குடும்பச் சூழலால் படிப்பில் இடைவெளி விழுந்தவர்களுக்கு, ‘வைஸ்-கிரண்’ திட்டத்தின் கீழ் பிஎச்.டி-க்கும் அதற்குப் பின்பான ஆய்வுக்கும் தனி ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு?

மாநில அரசு, முதலமைச்சரின் பெயரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஃபெல்லோஷிப் தருகிறது. முழுநேர பிஎச்.டி படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வருடம் ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை உண்டு. வெளிநாட்டில் முதுநிலை அல்லது ஆராய்ச்சிப் படிப்பு என்றால் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் ரூ.36 லட்சம் வரை உதவி கிடைக்கும். இவற்றுக்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு என்பதால் வருமானச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடாதீர்கள்.

இடங்களுக்கும் பஞ்சமில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று. அந்த நிறுவனம் காரைக்குடிக்கு வந்த கதையே ஆராய்ச்சி நிதியின் கதைதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் நிறுவனம் திறக்கப்பட்டது. தனியார் பணம் ஆராய்ச்சிக்கு வரவில்லையே என்று இன்று நாம் புலம்பும்போது நினைவுக்கு வர வேண்டிய பெயர் அது.

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாலை நிறுவனமும், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. தூத்துக்குடி வ.உ.சி துறைமுகம், பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்க்க அரசு தேர்ந்தெடுத்த மூன்று துறைமுகங்களில் ஒன்று. இப்படிப்பட்ட நிறுவனங்களின் இணையதளத்தில் ‘புராஜெக்ட் அசோசியேட்’, ‘ஜே.ஆர்.எஃப்’ என்ற பெயரில் தற்காலிகப் பணி அறிவிப்புகள் அவ்வப்போது வரும். ஒரு வருடம் அங்கே வேலை பார்த்தால், ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். நெறியாளராக வரக்கூடியவரின் அறிமுகமும் கிடைக்கும்.

ஸ்டைபெண்ட் வந்தாச்சு. அது போதுமா?

இங்கேதான் புவி அறிவியல் மாணவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர் ஜே.ஆர்.எஃப்-இல் உதிரிச் செலவுக்கு வருடம் ரூ.20,000 தருகிறார்கள். கணினி முன் உட்கார்ந்து செய்யும் ஆய்வுக்கு அது ஓரளவு ஓடும். ஆனால் நீங்கள் லடாக்கில் வெந்நீர் ஊற்று மாதிரி எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். பயணம், உள்ளூர் வண்டி, தங்குமிடம், மாதிரிகளைப் பத்திரமாகக் கொண்டுவருவது, பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகக் கட்டணம்... 20,000 முதல் பயணத்திலேயே கரைந்துவிடும்.

ஃபெல்லோஷிப் உங்களுக்குச் சோறு போடும். உங்கள் பாறையின் வயதைக் கண்டுபிடித்துத் தராது. அந்தச் செலவை ஈடுகட்ட மூன்று வழிகள்.

ஒன்று, நடப்பில் கிராண்ட் வைத்திருக்கும் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது. பெரிய பெயர், சின்ன பெயர் என்று பார்ப்பதற்கு முன், ‘சார், இப்போ உங்ககிட்ட எந்த புராஜெக்ட் ஓடுது? எப்போ முடியுது?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல நெறியாளர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

இரண்டு, பொது ஆய்வக வசதிகள். புது டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் பாறைகள், படிவுகளின் வயதைக் கணிக்கும் வசதி இருக்கிறது. ஆய்வுத் திட்டத்தை எழுதி விண்ணப்பித்து அங்கே நேரம் வாங்கலாம். சென்னை ஐ.ஐ.டி-யில் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேட ‘ஐ-ஸ்டெம்’ இணையதளம் உதவும்.

மூன்று, இலவசத் தரவுகள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ‘பூகோஷ்’ தளத்திலும், 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்திலும் வரைபடங்களும் புவி வேதியியல் தரவுகளும் கிடைக்கின்றன. பைதான் தெரிந்த ஐ.டி ஊழியர் ஒருவர் புவி அறிவியலுக்குள் நுழையச் செலவில்லாத வாசல் இது. அரசுக் கல்வி நிறுவனத்தில் இருந்தால், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்களை உங்கள் நிறுவனம் வழியாகவே படிக்கலாம். 2025 ஜனவரியில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

பிஎச்.டி முடித்த பிறகு?

2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைதான் (ஏ.என்.ஆர்.எஃப்) இப்போது முக்கிய முகவரி. பழைய செர்ப் அமைப்பு இதற்குள் கரைந்துவிட்டது. 2023-28 காலத்தில் ரூ.50,000 கோடி திரட்டுவது இலக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலும் வர வேண்டும் என்பது திட்டம். அந்தப் பகுதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதில்தான் இந்த அமைப்பின் வெற்றி இருக்கிறது.

இங்கே பிஎச்.டி முடித்தவுடன் விண்ணப்பிக்கத் தக்கது தேசிய முதுமுனைவர் ஃபெல்லோஷிப். இரண்டு வருடம். கல்லூரியிலோ ஆய்வு நிறுவனத்திலோ நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் கிராண்ட். மூன்று வருடத்துக்கு ரூ.60 லட்சம் வரை. மின்வாகனத் துறைக்கு ‘மஹா’ என்ற பெயரில் தனி அழைப்பே வந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பேட்டரி அதன் இலக்குகளில் ஒன்று.

நிரந்தர வேலை இன்னும் அமையாதவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி. ஐந்து வருடம், மாதம் ரூ.1.25 லட்சம், ஆய்வுச் செலவுக்கு வருடம் ரூ.7 லட்சம்.

துறை சார்ந்த கிராண்ட்டுகளுக்கு அந்தந்த அமைச்சகத்தைப் பாருங்கள். கனிமம், சுரங்கம் என்றால் சுரங்க அமைச்சகத்தின் ‘சத்யபாமா’ தளம். கடல், நிலநடுக்கம், காலநிலை என்றால் புவி அறிவியல் அமைச்சகம். சூரிய சக்தி, காற்று, புவிவெப்பம், ஹைட்ரஜன் என்றால் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். இதன் ஆராய்ச்சித் திட்டத்தில் அரசு மற்றும் லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்களுக்கு 100% வரையும், தொழில் நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் 50 முதல் 70% வரையும் நிதி கிடைக்கும்.

வேலையில் இருக்கிறேன். ஐடியா இருக்கிறது. எனக்கு?

ஃபெல்லோஷிப்கள் பெரும்பாலும் முழுநேர ஆய்வாளர்களுக்கே. பகுதிநேர பிஎச்.டி செய்துகொண்டு ஜே.ஆர்.எஃப் வாங்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். உங்களுக்கு மூன்றாவது பைதான் பொருந்தும்.

ஐடியாவை மாதிரிக் கருவியாகச் செய்து பார்க்க ‘நிதி-பிரயாஸ்’ திட்டத்தில் ரூ.10 லட்சம் வரை கிடைக்கும். மாநில அரசின் ‘டான்சீட்’ திட்டத்தில் பசுமைத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களுக்கு ரூ.15 லட்சம் வரை. கனிமத் துறையில் இறங்குபவர்களுக்குச் சுரங்க அமைச்சகத்தின் ‘பிரிசம்’ திட்டம். ஹைட்ரஜனில் புதுமை செய்யும் ஸ்டார்ட்அப்களுக்கு 2025 செப்டம்பரில் ரூ.100 கோடிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒரு திட்டத்துக்கு ரூ.5 கோடி வரை.

2025 நவம்பரில் தொடங்கப்பட்ட ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இலவசப் பணம் இல்லை. குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் தரும் நீண்டகாலக் கடனும் முதலீடும்தான். அதுவும் ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டு, அடுத்த கட்டத்துக்குப் போகும் தொழில்நுட்பங்களுக்கு, இடையில் இருக்கும் நிதி மேலாண்மை அமைப்புகள் வழியாக. தனி ஆய்வாளர் நேரில் போய்க் கதவைத் தட்டும் இடம் அல்ல.

வெளிநாட்டு வாசல்கள்

ஐரோப்பாவின் மேரி கியூரி திட்டம் எந்த நாட்டவருக்கும் திறந்தது. பிஎச்.டி பதவிகளில் சேருபவர்களுக்கு அது ஸ்டைபெண்ட் அல்ல, வேலை ஒப்பந்தத்துடன் கூடிய சம்பளம். முக்கிய நிபந்தனை: நீங்கள் போகவிருக்கும் நாட்டில், கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்தியாவில் இருந்தே விண்ணப்பிப்பவர்களுக்கு இது சாதகம்.

ஜெர்மனியின் டாட் அமைப்பு, வளரும் நாட்டவர்களுக்காக நடத்தும் முதுநிலைப் படிப்புகளுக்குக் குறைந்தது இரண்டு வருடப் பணி அனுபவம் கேட்கிறது. வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு அந்த அனுபவமே இங்கே தகுதி. நீர்வளம், எரிசக்தி சார்ந்த படிப்புகள் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தியாவில் பிஎச்.டி செய்துகொண்டே சில மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-கலாம் காலநிலை ஃபெல்லோஷிப் இருக்கிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி இப்போது ஆட்டம் கண்டிருப்பதால், நடப்பு ஆண்டு அறிவிப்பைப் பார்த்த பிறகே திட்டமிடுங்கள்.

புவிவெப்பத்தில் ஆர்வம் இருந்தால் ஐஸ்லாந்து. 1979 முதல் வளரும் நாடுகளின் நிபுணர்களுக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சியை முழுச் செலவோடு தருகிறார்கள். இதற்குத் தனி நபர் விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும். ஆய்வு புவி இயற்பியலாளர் சங்கம், பொருளாதாரப் புவியியலாளர் சங்கம் போன்ற உலக அமைப்புகள் மாணவ உறுப்பினர்களுக்குச் சிறு சிறு உதவிகள் தருகின்றன. தொகை சிறியதாக இருந்தாலும், முதல் களப்பயணத்துக்கு அது போதும். பயோடேட்டாவில் அடுத்த கிராண்ட்டுக்கான சாட்சியாகவும் நிற்கும்.

புரபோசல்: எங்கே கோட்டை விடுகிறோம்?

தலைப்பு பெரிதாக, கேள்வி மங்கலாக இருப்பதுதான் பொதுவான குறை. ‘தமிழ்நாட்டின் புவிவெப்ப ஆற்றல் பற்றிய ஆய்வு’ என்றால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் பிடிபடாது. எந்த இடம், எந்த அளவீடு, எத்தனை மாதிரி, எதைச் சோதிக்கிறீர்கள், முடிவு எதிர்மறையாக வந்தால் என்ன தெரிந்துகொள்வோம் என்று எழுதுங்கள்.

பட்ஜெட்டில் கருவியை மட்டும் அடுக்கிவிட்டுக் களச்செலவை மறந்துவிடுபவர்கள் நிறைய. வனப்பகுதி, எல்லைப் பகுதி என்றால் அனுமதி வாங்கவே மாதங்கள் ஆகும். அதை கால அட்டவணையில் காட்டுங்கள். மழைக்காலத்தில் களப்பணி போட்டிருந்தால், மதிப்பீட்டாளர் முதல் பார்வையிலேயே புருவத்தை உயர்த்துவார்.

அழைப்பு வந்த பிறகு எழுத ஆரம்பிக்காதீர்கள். பல அழைப்புகளில் சில வாரங்கள்தான் அவகாசம். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம், நெறியாளர் சம்மதம் எல்லாம் வாங்கவே அதில் பாதி போய்விடும். இரண்டு பக்கச் சுருக்கம் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மனதில் வைக்க வேண்டிய கசப்புகள்

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதாக ஆய்வு மாணவர்கள் சமீப வருடங்களில் வெளிப்படையாகவே குரல் எழுப்பியிருக்கிறார்கள். சேரும் முன் குறைந்தது ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம் என்று பொறுப்புகள் இருந்தால், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆசைக்காக வேலையை விட்டுவிட்டு, நான்காம் மாதத்தில் கடன் வாங்கும் நிலை வரக் கூடாது.

ஃபெல்லோஷிப் ஐந்து வருடம். பிஎச்.டி அதைத் தாண்டி இழுக்கலாம். களப்பணி சார்ந்த ஆய்வில் ஒரு பருவம் தவறினால் ஒரு வருடமே தள்ளிப்போகும். எனவே மாதிரி சேகரிப்பை முதல் இரண்டு வருடத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

‘ஃபெல்லோஷிப் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால் உடனே அழித்துவிடுங்கள். தேர்வுக் கட்டணம் வேறு. தேர்வான பிறகு பணம் கேட்பது வேறு. உண்மையான ஃபெல்லோஷிப் உங்களிடம் பணம் கேட்காது. தொகைகளும் வயது வரம்புகளும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் முன் அதிகாரபூர்வ அறிவிப்பை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது

நாள்காட்டியை எடுத்து மூன்று தேதிகளைக் குறியுங்கள். கேட் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். சி.எஸ்.ஐ.ஆர் நெட் வருடத்துக்கு இருமுறை. மேரி கியூரியின் முதுமுனைவர் அழைப்பு வழக்கமாக செப்டம்பரில் முடியும்.

பிறகு, நீங்கள் ஆய்வு செய்ய விரும்பும் கேள்வியை ஒரே பத்தியில் எழுதுங்கள். புவியியல் படிக்காத நண்பரிடம் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால், அந்தத் துறையில் இருக்கும் மூன்று பேராசிரியர்களுக்கு அதே பத்தியை அனுப்புங்கள். மூவரில் ஒருவர் பதில் போட்டால்கூடப் போதும், அங்கிருந்து தொடங்கலாம்.

ரியாசியின் லித்தியம் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. பூகாவின் வெந்நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர அறிவிப்புகள் மட்டும் போதாது. பத்து வருடம் பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்க்க ஆட்கள் வேண்டும். அவர்களுக்கான பணத்தில் ஒரு பகுதி இப்போது பட்ஜெட் காகிதத்தில் இருக்கிறது. அது சரியான கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், சரியான நேரத்தில், சரியான பையைக் கேட்டு விண்ணப்பம் போக வேண்டும்.